கடுகு போடாத நாற்பது கோடுகள்

படகுகளைச் சோதிக்கும் துறைமுகச் சர்வேயரின் அறைக்கு வந்தவர், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நாப்பது லிட்டர் தண்ணி காணோம் சார்," என்றார்.

ஜன்னலோரம் தரையில் கிழிந்த பாயைப் பரப்பித் தைத்துக்கொண்டிருந்த ஊசியக்கா நிமிர்ந்தாள். படகுகளுக்குப் பாய் தைப்பது அவள் தொழில். சர்வேயரின் விசாரணைகளில் மூக்கை நுழைப்பது சம்பளமில்லாத இன்னொரு தொழில்.

"தண்ணிய யாருங்க திருடுவா? வெளிய எட்டிப் பாருங்க, எவ்வளவு கிடக்கு!"

"அது உப்புத் தண்ணிம்மா. நான் சொல்றது குடிக்கிற தண்ணி."

ஒரு வருடமாக அவர் குடும்பத்தோடு பாய்மரப் படகில் கரையோரமாகப் போய்க்கொண்டிருக்கிறார். வீடு, பள்ளிக்கூடம், சமையலறை எல்லாமே அந்தப் படகுதான். அதன் தொட்டி இருநூறு லிட்டர் பிடிக்கும். தினமும் காலையில், நங்கூரம் போட்டு நிற்கும்போது, அன்றைய தண்ணீரை எடுப்பது பத்து வயது மகளின் வேலை. கால் பம்பை மிதித்து ஒரு லிட்டர் குவளை நிரம்பினால் நோட்டில் ஒரு கோடு. இருநூறு கோடு வந்தால் தொட்டி காலி. கடந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை, நூற்று அறுபதாவது கோட்டிலேயே பம்ப் வெறும் காற்றை இருமியது. மூன்றாவது தடவை இன்று காலை.

"தொட்டி ஓட்டையா?" என்றார் சர்வேயர்.

"ரெண்டு தடவை பாத்துட்டேன். அடியில ஒரு சொட்டு ஈரம் இல்ல."

"நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்குது?"

"அதை யாரு அளக்குறா? கரைக் குழாயச் சொருகி, வழியிற வரைக்கும் விடுவோம்."

சர்வேயர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். "படகுல எத்தனை பேர்?"

"மூணு பேர்." பதில் கொஞ்சம் அவசரமாக வந்தது. "நான், என் சம்சாரம், பொண்ணு. பொண்ணுதான் கோடு போடாம எடுத்துக் கொட்டுறான்னு நினைக்கிறேன். கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குறா. திட்டினா அழக்கூட மாட்டேங்குறா." சட்டைப்பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். "அடுத்து பதினெட்டு நாள் கரையே கிடையாது சார். இந்த விளையாட்டெல்லாம் அங்க ஆகாது. நாளைக்குக் காலைல பஸ்ஸேத்தி என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடப் போறேன். அவ மேல தப்பில்லன்னு யாராவது நிரூபிச்சா, இந்த டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுடுவேன்."

"அப்ப போய்ப் பாக்கலாம்," என்று சர்வேயர் எழுந்தார். ஊசியக்கா அதற்கு முன்பே செருப்பை மாட்டியிருந்தாள்.

துடுப்புப் படகில் போகும்போது சர்வேயர் பாய்மரப் படகை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொன்னார். வலப்பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு கையகலம் பச்சைப் பாசி காய்ந்து தெரிந்தது. இடப்பக்கம் பாசியே தெரியவில்லை.

"ஒரு பக்கம் மட்டும் தேய்ச்சுக் கழுவியிருக்காங்க, சோம்பேறிங்க," என்று ஊசியக்கா காதருகே சொன்னாள். சர்வேயர் பாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகில் அம்மா இருந்தாள். வாங்க என்றாள், உட்காருங்க என்றாள், அதோடு சரி. மகள் மேசையில் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் வெடித்துக்கொண்டே இருப்பாளாம். அதனால் கடுகு என்று பெயர். இப்போது தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இடத்துக்குப் போனாள். டம்ளரில் பாதிக்குத்தான் தேநீர் இருந்தது. தட்டின் ஒரு விளிம்புக்கு அடியில் துணியை மடித்து வைத்திருந்தாள்.

ஊசியக்காவுக்கு அதற்குள் துப்புக் கிடைத்துவிட்டது. மேல்தளத்தில் காய்ந்த துணிகளைத் தடவிப் பார்க்க ஓடினாள். அம்மா திருட்டுத்தனமாக நல்ல தண்ணீரில் துவைக்கிறாள் என்பது அவள் கட்சி. திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

"அப்பளம் மாதிரி நிக்குது சார். எல்லாம் உப்புத் தண்ணியில துவைச்சதுதான்."

"தெரியும்," என்றார் சர்வேயர். அவர் கண் அறையைச் சுற்றியது. இடப்பக்க அலமாரிக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பென்சிலைப் புது நூலால் நோட்டோடு பிணைத்திருந்தார்கள். தொங்கும் விளக்கு இடப்பக்கப் பலகையில் சாய்ந்து, அங்கே புதிதாக ஒரு தேய்மானம். இடப்பக்கப் படுக்கையில் கடுகின் போர்வை. எதிரே வலப்பக்கத்திலும் ஒரு படுக்கை. மெத்தை சுருட்டியிருந்தது, வெறும் பலகை. இந்தச் சின்னப் படகில் உப்புப் பொட்டலம் வைக்கக்கூட இடமில்லை. ஆனால் அந்தப் பலகைமேல் யாரும் எதையும் வைக்கவில்லை.

அவர் கடுகுக்கு எதிரே உட்கார்ந்தார். "காலைல எந்திரிச்சா என்னம்மா பண்ணுவ?"

"தண்ணி எடுப்பேன். கோடு போடுவேன். கடல் தண்ணியில பாத்திரம் கழுவுவேன். அப்புறம் பாடம். மேல போனா இடுப்புல கயிறு மாட்டிக்குவேன்." ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"பென்சில எப்போ கட்டின?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"எதுக்கு?"

"உருளுது."

"ஏன் உருளுதுன்னு தெரியுமா?"

கடுகு அப்பாவைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள். "தெரியும். சொல்லக் கூடாது."

அப்பா வாய் திறப்பதற்குள் சர்வேயர் கையை உயர்த்தினார். "எல்லாரும் கொஞ்சம் ஒரே இடத்துல உக்காரணும். சந்தேகத்துக்குரியவங்க எல்லாரும். அந்தப் பலகையில."

"அதுலயா?" என்றாள் அம்மா. வெகுநேரத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"அதுலதான்."

அப்பா உட்கார்ந்தார். பக்கத்தில் கடுகு நோட்டோடு, அப்புறம் அம்மா. "நானும் சந்தேகமா சார்?" என்ற ஊசியக்காவை, "நீங்க இல்லாம முடியாதுக்கா, உங்க வெயிட்டு வேணும்," என்று சர்வேயர் உட்கார வைத்தார். "இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா!" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் உட்கார்ந்ததும் படகு மெல்ல அசைந்து நிமிர்ந்தது. விளக்கு பலகையை விட்டு விலகி அறையின் நடுவே தொங்கியது.

சர்வேயர் பம்பை மிதித்தார். காலையில் காற்றை இருமிய பம்ப் ஒருமுறை விக்கிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. ஒரு குவளை. இன்னொரு குவளை.

"தண்ணி எங்கயும் போகல," என்றார் அவர். "உங்க தொட்டி பாய் விரிச்ச மாதிரி அகலம், ஆழம் கம்மி. பம்புக் குழாய் வலது மூலையில இருக்கு. படகு இடது பக்கம் சாஞ்சா, கடைசி நாப்பது லிட்டர் இடது மூலையில தங்கிடும், குழாய்க்கு எட்டாது. நீங்க அளக்காம நிரப்புறதால, பாக்கி உள்ள கிடக்குறதும் தெரியல. வலது பக்கப் பாசி தண்ணிக்கு மேல வந்து காயுது. வந்தப்பவே பாத்தேன்."

"ஆனா படகு ஏன் சாயணும்? ஒரு வருஷமா இதே படகுதானே?" என்றார் அப்பா.

"ரெண்டு மாசம் முன்னாடி வலது பக்கத்துலேருந்து என்ன இறங்குச்சு?"

சர்வேயர் கடுகைப் பார்த்தார். கடுகு அந்தக் குவளைக்கான கோட்டைப் போட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணன்."

அப்பாவின் கை சட்டைப்பையில் போய் நின்றது.

"நாலு பெட்டி புத்தகம். அவன் தூக்குற இரும்பு எடை. டூல்ஸ் பெட்டி. அப்புறம் அவன்." கடுகின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "அப்பாவோட சண்டை போட்டுட்டு மாமா வீட்டுக்குப் போய்ட்டான். அவன் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. படகு சாஞ்சிருச்சுன்னு சொன்னா, ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா அண்ணன்னு சொல்லணும்."

"அதுக்காகவா திட்டு வாங்கின?" என்றாள் ஊசியக்கா. அவளுக்கு மட்டும்தான் கண் கலங்கியது.

சர்வேயர் குவளை குவளையாக வாளிகளில் ஊற்றி மிதித்துக்கொண்டே இருந்தார், கடுகு கோடு போட்டாள். இருபது. முப்பது. முப்பத்தெட்டு. நாற்பதாவது குவளைக்குப் பிறகுதான் பம்ப் இருமியது.

"வலது பக்கம் கனமா ஏதாவது வைங்க, சரியாயிடும்," என்று சொல்லி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஊசியக்கா எழுந்தாள். படகு அவள் அளவுக்கு இடப்பக்கம் சாய்ந்தது. தேநீர் டம்ளர் மேசையில் விரலகலம் நகர்ந்தது. மூவரும் அந்த டம்ளரைப் பார்த்தார்கள். பலகையை விட்டு அவர்கள் எழவில்லை.

அப்பா டிக்கெட்டை வெளியே எடுத்தார். கிழிக்கவில்லை. மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"இந்த பஸ்," என்று அம்மாவைப் பார்க்காமலே கேட்டார், "உன் தம்பி ஊர்ல நிக்குமா?"

"நிக்கும்," என்றாள் அம்மா. "காலைல போனா மத்தியானம் போய்ச் சேரலாம்."

கடுகு நோட்டில் நாற்பது கோடுகளையும் விரல் வைத்து மறுபடி எண்ணினாள்.

"புத்தகப் பெட்டியையும் கொண்டு வாங்கப்பா," என்றாள். "அவன் மட்டும் வந்தாப் பத்தாது."