தூள் பொருத்தம்

மாப்பிள்ளை வீட்டிலிருந்து தூள் வந்திருந்தது. சின்னக் குப்பியில், இளங்கீரனின் தோலிலிருந்து சுரண்டிய வெண்பொடி.

செவ்வாயில் பெண் பார்ப்பது அப்படித்தான். பல தலைமுறைகளாக அடைத்த குவிமாடங்களில் வாழ்ந்தவர்களுக்கு அடுத்த குவிமாடத்து மனிதரே மகரந்தம்போல் ஆகிவிட்டிருந்தார். ஒவ்வாமல் போனால் மூச்சடைக்கும். அதனால் தூளைக் கரைத்துப் பெண்ணின் முன்கையில் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் தடிக்காவிட்டால் பொருத்தம்.

நறுமுகையின் கை தடிக்கவில்லை. அப்பா சேந்தன் எல்லோருக்கும் பாசிக் கேசரி நீட்டினார்.

"அப்பா, அவரோட ஒரே அறையில கொஞ்ச நாள் உக்காந்து பேசணும்ப்பா."

"அதான் குத்திப் பாத்தாச்சே. காலம் முழுக்கப் பேசத்தானே போறீங்க?"

சேந்தனின் அக்கா மங்கை சிரித்தாள். "பொண்ணுக்கு அவசரத்தைப் பாரு!"

மணவறையில் தாலி கட்டும்போது இளங்கீரனின் விரல் நறுமுகையின் கழுத்தில் பட்டது. வெட்கத்தோடு குனிந்தாள். இரண்டாம் முடிச்சு விழும்முன் உதடு வீங்கியது; மூச்சு நின்றது. ஓடிவந்த மருத்துவர் ஊசி போட்டுக் காப்பாற்றினார்.

"குத்திப் பாத்தோமே டாக்டர், ஒண்ணும் ஆகலையே?" என்றார் சேந்தன்.

"முதல் தடவை ஒண்ணும் ஆகாது சார். வெள்ளணுக்கள் அப்ப சண்டை போடாது. ஆளை அடையாளம் பாத்து வச்சுக்கும். அப்புறம் ஆயுதம் செஞ்சுகிட்டுக் காத்திருக்கும். ஊசி வழியா வந்தவரை எதிரின்னு நெனச்சிடுச்சு."

"வேற எப்படிப் பாக்கிறது?"

"பாக்கவே வேண்டாம், பழகியிருந்தா போதும். தினம் ஒரே அறையில பேச விட்டிருந்தா, மூச்சுக்காத்துலயே கொஞ்சம் கொஞ்சமா ஒத்துப் போயிருக்கும்."

"இப்ப பேச விட்டா?" என்றார் சேந்தன்.

"முடியும். வருஷக்கணக்காகும். மாப்பிள்ளை காத்திருக்கணும்."

இளங்கீரன் காத்திருப்பதாகச் சொன்னான். அவன் வீட்டார் காத்திருக்கவில்லை. அவனுடைய தூள் வேறொரு குவிமாடத்துக்குப் போய்விட்டது.

மறு ஆண்டு நறுமுகைக்கு இன்னொரு குப்பி வந்தது. சேந்தன் அதை உள்ளங்கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கால் மணி நேர வேலை, இதுக்கு ஏன்டா இவ்வளவு யோசனை?" என்றாள் மங்கை.

"முதல்ல ரெண்டு பேரும் கொஞ்ச நாள் பேசட்டுமேக்கா."

"கல்யாணத்துக்கு முன்னாடியா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

சேந்தன் மகளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்தார்.

"அந்தக் கை வேண்டாம்ப்பா, அது போன தடவை குத்தினது," என்று நறுமுகை மறு கையை நீட்டினாள்.