வெள்ளைத் திட்டு

காலையில் கட்டிலிலிருந்து இறங்கிய குழந்தை நிற்க முடியாமல் சரிந்து விழுந்தாள். மதியத்துக்குள் கைகளும் ஓய்ந்துவிட்டன. காய்ச்சல் இல்லை. மூச்சும் தளர்ந்தால் செயற்கை மூச்சு இயந்திரம்தான் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், இரண்டாம் தாரமாக வந்த சித்திதான் பாலில் விஷம் கலந்தாள் என்று அப்பாவின் அக்காவான அத்தை அடித்துச் சொன்னாள். குழந்தையின் அப்பா இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியாமல் தவித்தார்.

புகாரை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மா மோப்ப நாய்ப் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவர். வீட்டைச் சோதிக்கப் போனபோதே, பழக்கதோஷத்தில் அங்கிருந்த நாயின் காதிலிருந்து இரண்டு உண்ணிகளைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தார். இப்போது குழந்தையைப் பார்த்தார். முகம் பளிச்சென்று இருந்தது, சட்டை புதுசு. பின்னல் மட்டும் பிசுபிசுத்துக் கிடந்தது.

"தலை வாரி எவ்வளவு நாளாச்சு?"

"தினமும் நான்தான் வாருவேன்," என்றாள் சித்தி. "இவ அத்தை ஊர்லேருந்து வந்ததுக்கப்புறம் என்னைத் தொடவே விடல."

வாரக் கணக்கில் கலையாதபடி தானே இறுக்கிப் பின்னியதாக அத்தை பெருமையாகச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டரம்மா பின்னலை அவிழ்த்தார். காதுக்குப் பின்னால், முடிக்குள், திராட்சை போல் உப்பிய ஓர் உண்ணி. டாக்டர் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்தார்.

அது வீட்டு நாயின் உண்ணிதான், நாயைக் குளிப்பாட்டுவதும் சித்திதான் என்று அத்தை முந்திக்கொண்டாள்.

"நாய் மேல இருக்கிறது வெறும் பழுப்பு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. " அது நாய்க்குக் காய்ச்சல் கொண்டுவரும். இதோட தலைப்பக்கம் பாருங்க, வெள்ளைத் திட்டு. இது காட்டோரப் புல்லுல காத்திருந்து ஏறுறது. இதோட எச்சிலே விஷம். சில நாள் ஒட்டிக் குடிச்சா கை காலு விழுந்துடும், எடுத்துட்டா திரும்பிடும். குழந்தையைக் காட்டுப் பக்கம் யார் கூட்டிட்டுப் போனது?"

அப்பா நிமிர்ந்தார். குழந்தையைப் பெற்றவள் அந்தக் காட்டு ஓடையில்தான் மூழ்கிப் போனாள். அங்கே யாரும் போகக் கூடாதென்பது அவர் கட்டளை.

அத்தையின் குரல் உடைந்தது. "பெத்தவ போன இடத்தைக் காட்டினேன். இவளைப் போய் அம்மான்னு கூப்பிடறாளேன்னு தாங்கல."

"பால்ல யாரும் எதையும் கலக்கல," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. " தினமும் தலை வாரியிருந்தா உண்ணி அன்னிக்கே கையில தட்டுப்பட்டிருக்கும். அந்தக் கையைத்தான் நீங்க தடுத்தீங்க."

மறுநாள் காலை குழந்தையின் கால் கட்டைவிரல் அசைந்தது. அப்பா வாய்விட்டு அழுதார். குழந்தை சித்தியைப் பார்த்து, "தலை வாரி விடும்மா," என்றாள்.

சீப்பு அத்தையின் பையில் இருந்தது. அவளே எடுத்துச் சித்தியின் கையில் கொடுத்தாள்.