காலி அறையின் இழுப்பு

புள்ளி இடம் மாறியிருந்தது.

கதவில் நெடுக்காகப் பதித்த ஒடுக்கமான கண்ணாடி வழியே அவள் இன்னொரு தடவை பார்த்தாள். உள்ளே இருட்டு. எதிர்ச்சுவரில் ஒட்டிய அளவுத்தாளில், வருஷம் முழுக்க நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளியே நின்ற சிவப்புப் புள்ளி, இன்று வலப்பக்கம் நின்றது. சாவி அவளிடம்தான் இருந்தது. விடுமுறை நாள் என்பதால் மேலே மூன்று மாடியும் வெறிச்சோடிக் கிடந்தன. வெளியே மத்தியான வெயில் கொளுத்தினாலும் பூமிக்கடியில் இருந்த இந்த நடைவழிக்குத் தெரிந்ததெல்லாம் குழல்விளக்கின் ரீங்காரமும், எங்கோ குழாய்க்குள் தண்ணீர் விட்டு விட்டு இறங்கும் சத்தமும்தான்.

இறுதியாண்டு இயற்பியல் ப்ராஜெக்ட். மெல்லிய கம்பியில் ஒரு தண்டு தொங்கும்; அதன் இரு முனையிலும் ஈயக் குண்டு, நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு. கனமான எது பக்கத்தில் வந்தாலும் அதன் ஈர்ப்பில் தண்டு மயிரிழை திரும்பும். கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளி சுவரில் நகர்ந்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆள் உள்ளே நின்றாலே அளவு கெட்டுப்போகும். அதனால் கதவைச் சாத்திவிட்டு, திருட்டுத்தனமாக எட்டிப் பார்ப்பவர்களைப் போல வெளியே நின்றுதான் அளவைப் படிக்க வேண்டும்.

ஆரம்பத்திலேயே இவளும், சோடாபுட்டி என்று எல்லோரும் கூப்பிடும் இவளுடைய கூட்டாளியும் மேடத்திடம் கேட்டார்கள், காலி அறையில் புள்ளி ஏன் நடுவில் நிற்கவில்லை என்று. தூணோ குழாயோ எதுவோ இடது மூலைப் பக்கம் இழுக்கும், எந்த அறையும் அப்படித்தான், அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள் என்றார் மேடம். போன வருஷத்து சீனியர்களும் கழித்திருந்தார்கள். ஆக, இவர்களும் கழித்தார்கள். கழித்த பிறகு விடை அழகாக வந்ததால், எதைக் கழிக்கிறோம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை வைவா. காலி அறையின் அளவை மட்டும் கடைசியாக ஒரு முறை எடுத்தாக வேண்டும். அது சரியாக வராவிட்டால் வருஷ உழைப்பு ஆற்றில் கரைத்த புளி, மேற்படிப்பு இடமும் போய்விடும். இவளுக்கு அழுகை வந்தது. கதவைத் திறந்து உள்ளே போனாள்.

ஏசி குளிர். மூலையில் ஒன்றுமில்லை, என்றைக்கும் இருந்ததில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தாள், பின்னால் மண்தான் என்பது போல மொத்தென்று சத்தம் வந்தது. ஆனால் வாசனை புதிது. ராத்திரி முழுக்கப் பூட்டிக்கொண்டு ஆள் தூங்கி எழுந்த அறையின் வாசனை. மூலையில் அது இல்லை. கதவருகில்தான் இருந்தது.

வெளியே வந்து, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, சோடாபுட்டிக்குப் போன் போட்டாள். அவள் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். ஆனாலும் கணக்கு என்றால் எழுந்து உட்காருகிற ஜென்மம். புள்ளி எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள்.

"எதையாவது நகர்த்தினியாடி?"

"நகர்த்த அங்க என்ன இருக்கு?"

"அப்ப மூலையில இழுத்துட்டு இருந்தது இப்ப மூலையில இல்ல. கதவுப் பக்கம் வந்திருக்கு."

"எவ்வளவு கனம்?"

"சிரிக்காதே. ஒரு ஆள் கனம்."

இவள் சிரிக்கவில்லை. உள்ளே போகும்போதும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறாள். வரும்போதும். இடது தோள் தானாகவே சுருங்கியது. எட்டிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துச் சாத்தினாள். பூட்டினாள். அப்பாடா என்றிருந்தது. எதுவாக இருந்தாலும் உள்ளேதான் கிடக்கிறது. ஓடிவிடலாம்.

ஆனால் திங்கட்கிழமை.

ஒரே ஒரு அளவு. அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். போனைக் காதில் வைத்தபடியே கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள்.

புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. மெல்ல. வலப்பக்கத்திலிருந்து நடுவை நோக்கி. தாண்டியது. திரும்பி வந்தது. மறுபடி தாண்டி, மறுபடி வந்து, ஊசலாட்டம் குறையக் குறைய, நடுக்கோட்டின் மேல் அப்படியே நின்றது.

பூஜ்யம். எதையும் கழிக்காத பூஜ்யம்.

"நடுவுல நிக்குதுடி" என்றாள்.

"நிஜமாவா? போட்டோ எடு. வருஷம் பூரா இதுக்குத்தானே தவம் கிடந்தோம். இப்பதான் ரூம் உண்மையிலேயே காலி."

சொன்னவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். போனில் காய்ச்சல் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, மிகவும் தணிந்த குரலில்: "கதவைச் சாத்திட்டுத்தானே பேசிட்டிருந்தே?"

கதவு திறந்தேதான் கிடந்தது.

அந்த வாசனை. இங்கே.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. குளிர்ந்த கண்ணாடியில் இவள் மூச்சு பட்டு ஆவி படிந்திருந்தது. மூச்சை அடக்கினாள். ஆவி ஓரத்திலிருந்து கலைந்து, சுருங்கி, மறைந்தது. புள்ளி அசையாமல் நின்றது.

இவள் தலைக்கு ஒரு சாண் மேலே கண்ணாடி மங்கியது. தெளிந்தது.

மங்கியது.