பையில் ஏறியவர்கள்

ராஜகிரி மலைக்குப் போகும்போது பன்னிரண்டு கிலோ இருந்த பை, இறங்கி வந்தபோது பத்தொன்பது கிலோ காட்டியது.

புளி மண்டி மஜீத் தராசை ஒரு தட்டு தட்டினார். "இன்னா சார், கோட்டையப் பேத்து எடுத்துக்கினு வந்துட்டீங்களா?"

அரிகிருஷ்ணன் பையைத் திறந்தார். அம்மிக் குழவி ஒன்று, செங்கல் மூன்று. போட்டது போட்டபடி. "உன் தராசுக்கு வயசாயிடுச்சு பாய்," என்று சிரித்தார்.

டிராயிங் மாஸ்டரான அவர் பார்த்த பெரிய ஊர் விழுப்புரம். ஆனால் எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை விடுமுறையில் கப்பலில் பினாங்கு, அங்கிருந்து ரயிலில் பாங்காக் போவதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. லாட்ஜ் கிடையாது, ஒருவேளைச் சோறு, முதுகில் ஒரு பை. "வெள்ளைக்காரன் இப்டித்தான் சுத்தறான்" என்பார், ஏதோ வெள்ளைக்காரன் இவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புகிற மாதிரி. லாரித் தார்ப்பாயில் பை தைத்து, தினம் சாயங்காலம் மலையேறிச் சுமக்கப் பழகினார். கடைசி நாள் பந்தயம்: உச்சியிலிருந்து மண்டிவரை பையை இறக்காமல் வரவேண்டும். இறக்கினால் பாங்காக் பேச்சையே எடுக்கக் கூடாது.

பை பத்தொன்பது கிலோ காட்டிய அன்று அவர் இளைப்பாறியது கைதிக் கிணற்றோரம். பாறையில் வாய்பிளந்த குழி. ராஜா காலத்தில் கைதிகளை உயிரோடு தள்ளிப் பட்டினியில் சாகவிட்ட இடம். கூட வந்தவர்கள் சிரிக்கட்டுமென்று உள்ளே குனிந்து கூவினார்: "சிக்கனத்துல என்னையே மிஞ்சினவங்களாச்சே! பாங்காக் வர்றீங்களா? டிக்கெட் வேணாம், பையில ஏறிக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். குழி மட்டும் எதிரொலிக்கவில்லை.

மறுநாள் முப்பத்தொரு கிலோ. முதுகுக்கு வெந்நீர் ஒற்றிய மனைவி விருத்தாம்பாளின் கை நின்றது.

"இன்னாங்க இது, பல்லு பட்டாப்ல இருக்குது?"

"பை வாரு அழுத்தினதுடி."

"வாருக்குப் பல்லு மொளைச்சிருக்குதா? நாளைக்குப் போவாதீங்க."

"போவலைன்னா ஊர்ல தலை காட்ட முடியுமா?"

பந்தய நாள் மே மாத வெயிலில், பாங்காக் மழைக்கென்று வாங்கிய கறுப்பு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டுமென்று பொத்தான்களையும் போட்டுக்கொண்டு ஏறினார். இறங்கும்போது கைதிக் கிணற்றை நிற்காமல் கடந்தார். முதுகில் செங்கல் செங்கலோடு உரசும் சத்தம் கேட்டது, பிறகு அது எலும்பு எலும்போடு உரசும் சத்தமாக மாறியது, ஊறிய தோலின் வீச்சமும் நாள்கணக்காய்ச் சோறு காணாத வாயின் நாற்றமும் பிடரியில் சூடாக வந்து மோதின. ஏதோ நாக்கு. அவர் வியர்வையை நக்கியது. பிறகு கடித்தது.

சதை கிழிந்தது. ரெயின்கோட்டுக்குள் ரத்தம் இடுப்புவரை வழிந்தது. கறுப்பில் தெரியவில்லை.

கை வார் முடிச்சுக்குப் போனது. ஒரு இழுப்பு போதும்.

கீழே கோட்டை வாசலில் மாலையோடு மஜீத், பின்னால் பாதி ஊர். "விடாதீங்க சார்! பாங்காக் வந்துடுச்சு!"

கையை எடுத்துக்கொண்டார்.

மண்டிவரை நடந்தது எப்படியென்று தெரியாது. விலா ஒன்று முறிந்தது. அப்புறம் இன்னொன்று. தராசுப் பலகையில் ஏறினார். பலகை விரிசல் விட்டது.

"எறக்குங்க சார், ஜெயிச்சிட்டீங்க!"

வாரை இழுத்தார். வார் இல்லை. முழங்கை. மார்பைச் சுற்றி இறுகியது.

அலற வாய் திறந்தார். பின்னாலிருந்து இரண்டு விரல்கள். வாயின் இரு ஓரமும் கொக்கி போட்டன. மேலே இழுத்தன.

"பாருய்யா, வாத்தியார் சிரிப்ப!" கைதட்டல்.

உதடு கிழிந்தது. கன்னம். காதுவரை.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

அவர் தோளுக்கு மேல் பையின் மூடி உயர்ந்தது. மூட்டை மூட்டையாய்ப் புளி வாசம். வாசலை அடைத்துக்கொண்டு ஜனம். பைக்குள் எச்சில் விழுங்கும் சத்தம்.

ஒரு வாயல்ல. நிறைய.