பன்னிரண்டாவது சொல்

ஹாஜறாவின் குரல் திரையின் வலப்பக்கத்திலிருந்து வந்தது. ஆனால் மூச்சுப் பட்டதுபோல மெல்ல உப்பித் தணிந்துகொண்டிருந்தது திரையின் இடப்பக்கம். பஸால் அதை முதலில் காற்று என்றுதான் நினைத்தான். சாய்ந்தமருதில், அதுவும் கடற்கரைக்குக் கிட்டிய வீட்டில், காற்றுக்கா பஞ்சம்? பிறகுதான் பார்த்தான், ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன.

ஹாஜறா இத்தாவில், புருஷனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் காலத்தில், இருந்தாள். அந்நிய ஆணின் முன்னால் வரக் கூடாது என்பதால் முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே பச்சைத் திரை கட்டி, இந்தப் பக்கம் பஸாலுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். அவள் புருஷன் ஸஹீத் மௌத்தாகி மூன்று மாதம். கத்தாரிலிருந்து லீவில் வந்தவன், ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், பிறகு எழும்பவில்லை.

"பஸால் காக்கா, அவர் ஒங்கள்ட்ட ஏதாச்சும் நம்பி அமானிதமாத் தந்து வெச்சிரிக்காரா? பிட்கொயின் எண்டு ஒருக்காச் சொன்னாரு. எனக்கு அதெல்லாம் வெளங்கா. இந்த ஊட்டுட உறுதிப் பத்திரம் அடகுல கிடக்கு. தவண தப்பினா எனக்கும் புள்ளைக்கும் தெருதான்."

"இல்ல புள்ள," என்றான் பஸால். "அவன் அதெல்லாம் அப்பவே வித்துட்டான்."

இவ்வளவு லேசாகப் பொய் வந்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஸஹீத் மாதா மாதம் அனுப்பிய காசுக்கெல்லாம் பிட்கொயின் வாங்கி வைத்தவன் பஸால்தான். கல்முனை பஸாரில் போன் கடை வைத்திருப்பவனுக்கு அது கைவந்த கலை. அதைத் திறக்கப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வேண்டும். கடதாசியில் எழுதினால் களவு போகும் என்று, குர்ஆன் சூறா பாடமாக்குவதுபோல இருவரும் கடைக்குள் உட்கார்ந்து ஒப்புவித்து ஒப்புவித்துப் பாடமாக்கினார்கள். மூன்றாவது ஆளுக்கு அந்தச் சொற்கள் தெரியாது. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

ஸஹீதை அடக்கிய அன்று, ஜனாஸாத் தொழுகைக்கு முன், அவனுடைய மூத்த காக்கா காலிதீன் எழும்பி, வழமைப்படி கேட்டார். "என்ட தம்பி ஆருக்காச்சும் கடன் குடுக்கணும் எண்டா என்னட்டக் கேளுங்க. அவன்ட அமானிதம் ஆர்ட்டயாச்சும் இரிந்தாலும் சொல்லுங்க." முதல் ஸஃப் வரிசையில் நின்ற பஸாலுக்கு நாக்குப் புரளவில்லை. விலை ஏறட்டும், பிறகு சொல்லுவோம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். விலை ஏறியது. அவன் சொல்லவில்லை.

பள்ளியில் அந்தித் தொழுகைக்கு மஃரிபு பாங்கு ஒலித்தது.

"தொழுதிட்டு வாரன் காக்கா, இரிங்க. குசினில தங்கச்சி தேத்தண்ணி ஊத்துறா," என்றாள் ஹாஜறா. அவளுடைய செருப்புச் சத்தம் உள்ளே போய், குசினியைக் கடந்து, வளவுக்கு இறங்கியது. கைகால் கழுவி ஒழு எடுக்கப் பைப்பைத் திறக்கும் சத்தமும் வாளியில் தண்ணீர் விழும் சத்தமும் தெளிவாகக் கேட்டன. உள்ளறையில் இனி யாருமில்லை. எழும்பிப் போய்விடலாம் என்று பஸால் கதிரையின் கைகளைப் பிடித்தான்.

திரையின் இடப்பக்கம் உப்பியது. தணிந்தது.

விளக்குப் போட யாரும் வரவில்லை. முன்னறையின் மூலைகள் ஒவ்வொன்றாக இருண்டுகொண்டு வர, கற்பூரமும் பன்னீரும், அவற்றுக்கு அடியில் நனைந்த மண்ணும் மணத்தன. மௌத்தானவரின் மையித்தைக் குளிப்பாட்டிய இடத்தின் மணம். அது மூன்று மாதம் ஒரு வீட்டில் தங்காது என்று அவனுக்குத் தெரியும்.

"தங்கச்சியா?"

புதுத் துணி உரசும் சத்தம் மட்டும். பிறகு ஒரு குரல், தாடையைச் சேர்த்துக் கட்டிவைத்தவன் பேசுவதுபோல, பல்லிடுக்கில்.

"லெடர்."

பஸால் கதிரையின் கைகளை விட்டான். அது பன்னிரண்டில் முதலாவது சொல்.

"சோல்ட்."

இரண்டாவது. அவசரமில்லாமல் வந்தன சொற்கள். அன்று கடைக்குள் ஒப்புவித்த அதே வரிசை, அதே இழுவை. ஒன்றும் பிசகவில்லை. பதினொன்று வரை.

பிறகு நின்றது.

"மிச்சத்த நீ சொல்லு, மச்சான்."

திரையின் கீழ் விளிம்பு உயர்ந்தது. ஒரு கை வந்தது. வலது கை. வெளிறி, ஊறி, நகக்கண்ணெல்லாம் மண். சீமெந்துத் தரையில் அது மெதுவாக மல்லாந்து, உள்ளங்கையை விரித்தது. ஒன்றும் செய்யவில்லை. பன்னிரண்டாவதைக் கேட்டபடி கிடந்தது.

பயத்தைவிட வெட்கம்தான் பஸாலை முதலில் கொன்றது. சொல்லிவிடுவோம். ஹாஜறாவிடமே சொல்லிவிடுவோம். எல்லாவற்றையும். இப்போதே.

"ஹாஜறா!" என்று கத்தினான். "இரிக்கி புள்ள! அமானிதம்—"

அடுத்த சொல் வரவில்லை. தொண்டை கரகரத்தது. நாக்கு எதிலோ புதைந்தது. உப்பு.

வளவில் தண்ணீர் நின்றது. "என்ன காக்கா? என்ன இரிக்கி?"

அவன் வாயைத் திறந்தான். ஈர மண் உதிர்ந்தது. மையவாடியில் ஸஹீதின் கபுறுக்குழிக்குள் மூன்று பிடி போட்டானே, அதே கடல் மண். விரிந்து கிடந்த உள்ளங்கையில் விழுந்தது. இன்னொரு பிடி. இன்னொன்று.

"காக்கா?"

உள்ளங்கை நிறைந்தது. விரல்களுக்கிடையால் வழிந்தது. கை மூடவில்லை.