லோடு வண்டிக்குச் சளி பிடித்தது

விர்ர்... விர்ர்... புஸ்!

எத்தனை தடவை சாவியைத் திருகினாலும் பால்ராஜின் லோடு வண்டி இதையேதான் சொன்னது. பக்கத்தில் நின்ற அவருடைய மகள் ஏஞ்சலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நாளைக் காலை புதுக்கோட்டையில் பேண்டு வாத்தியப் போட்டி. ஆவூர்ப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் போய்விடுவார்கள். பெரிய டிரம்களைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. "எங்க அப்பா வண்டியில கொண்டுவந்துருவோம் மிஸ்" என்று வாக்குக் கொடுத்ததே ஐந்தாம் வகுப்பு ஏஞ்சல்தான்.

"காலையில நல்லாத்தானே ஓடுச்சு!" என்று புலம்பியபடி அப்பா, குளத்தூர் மெக்கானிக் குணசேகரனுக்குப் போன் போட்டார்.

"எஞ்சினுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்குண்ணே. அதுல கோளாறா இருக்கும். நான் நாளைக்கு மத்தியானம்தான் வர முடியும். பேட்டரி வயரைக் கழட்டிட்டு, பெட்டியோட சாக்கெட்டை உருவிப் பாருங்க. உள்ள இருக்கிற பின்னுல மட்டும் கை வச்சிராதீங்க, வளைஞ்சிரும்."

அப்பா பேட்டரி வயரைக் கழற்றினார். எஞ்சின் ஓரத்தில், சாப்பாட்டு டப்பா அளவில் ஓர் அலுமினியப் பெட்டி இருந்தது.

"பெட்டியே போயிருச்சு போல. புதுசுதான் வாங்கணும்" என்று தலையில் கை வைத்தார்.

"அப்பா, காலையில ஓடுச்சுல்ல? அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? ஒங்க ஸ்கூல் டிரம் ஏறப்போற வண்டியாச்சேன்னு, பைப்பைப் புடிச்சு எஞ்சின் வரைக்கும் பளபளன்னு கழு..."

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். மெதுவாகச் சாக்கெட்டை உருவினார். உள்ளே ஊசி ஊசியாகப் பின்கள். அவற்றுக்கு நடுவே தண்ணீர்த் துளிகள்.

"குளிப்பாட்டுனீங்க சரி, தலை துவட்டி விடலையா?" என்று வாசலிலிருந்து அம்மா ஷர்லி சிரித்தாள்.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. ஏஞ்சலுக்குப் பாவமாக இருந்தது.

"வண்டிக்குச் சளிதாம்ப்பா புடிச்சிருக்கு. சரியாயிரும்."

அப்பா தோள் துண்டின் முனையை முறுக்கி உள்ளே விடப் போனார்.

"வேணாம்ப்பா, பின் வளைஞ்சிரும்!"

"அப்ப வாயால ஊதவா?"

"ஐயே, எச்சி தெறிக்கும்!"

தொடாமல் துடைக்க வேண்டும். எப்படி? ஏஞ்சல் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வீட்டுக்குள் ஓடி, தன் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைத் தூக்கி வந்தாள்.

அவள் குழாயைப் பின்களுக்கு நேராகப் பிடித்துக்கொள்ள, அப்பா பம்பை அடித்தார். புஸ்... புஸ்... துளிகள் வெளியே தெறித்தன. சாக்கெட்டையும் அப்படியே ஊதினார்கள். பிறகு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து எதிரே வைத்தார்கள்.

சாயங்காலம் நன்றாகக் காய்ந்துவிட்டது. அப்பா எல்லாவற்றையும் திரும்ப மாட்டிச் சாவியைத் திருகினார்.

விர்ர்... டுர்ர்ர்ர்ர்!

ஏஞ்சல் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

மறுநாள் காலை பள்ளி வாசலில் டிரம்கள் வண்டியில் ஏறின. வண்டியை மந்திரித்து ஆசீர்வதித்து அனுப்ப, சர்ச்சின் பங்குச் சாமியார் தீர்த்தத்தோடு வந்தார். அவர் கையை ஓங்கியதுதான் தாமதம், அப்பா பாய்ந்து போய் எஞ்சினை மறைத்து நின்றார்.

"சாமி, இங்கிட்டு வேணாம்! டிரம் மேல தெளிங்க!"