மூட்டத்தை எடுத்த பிறகு

என் பெயர் லோகேஸ்வரன், வயது இருபத்து நான்கு. மலேசியாவின் ஜொகூரில், கூலாயில், நான் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பின்னாலுள்ள, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நின்று இதைப் போனில் பேசியே எழுதுகிறேன், அக்கா.

பக்கத்து ஊரான செனாயில் நான் செய்யும் வேலை, பழைய கேம் ஒன்றைப் புதுப் போன்களுக்கு ஏற்ப மாற்றுவது. அந்த கேமுக்குள் ஒரு முழு ஊரில் இஷ்டப்படி சுற்றித் திரியலாம். அந்தக் காலத்து மெஷினுக்குத் தூரத்தைக் காட்டத் தெம்பு கிடையாது, அதனால் தெருக்கோடிகளைப் பனிமூட்டத்தால் மூடிவிட்டார்கள். ஆட்களும் கொஞ்சம்தான். நாம் பார்க்கும்போது தெருவில் நடப்பார்கள். நாம் திரும்பிக்கொண்டால் கேம் அந்த உடம்புகளை எல்லாம் மண்ணுக்கடியில் ஒரே இடத்தில் குவித்துவிடும்.

பனியை எடுக்கச் சொன்னது ரூபேந்திரன். பெக்கோ ஊர்க்காரன், என்னோடு வேலை செய்பவன், ஒரே வீட்டில் தங்கியிருக்கிறோம். இப்போதைய போன் தாங்கும், முதலாளி சந்தோஷப்படுவார் என்றான்.

எடுத்தேன். பிழை இருக்கிறதா என்று பார்க்கத் தரையையும் திரையிலிருந்து நீக்கினேன். அடியிலிருந்த குவியல் தெரிந்தது. ஒருவன் வயிற்றிலிருந்து இன்னொருத்தியின் முழங்கை. ஒரே வாய்க்குள் இரண்டு வரிசைப் பல். கால்கள் மட்டும் எங்கும் போகாமல் நடந்துகொண்டே இருந்தன. தின்ற நாசி லெமாக் சோறு தொண்டைவரை வந்தது.

"அலமாக், இதுக்கே வாந்தியா?" என்று ரூபேன் சிரித்தான். "அதுங்களுக்கு லீவு நேரம் லா."

மறுநாள் காலை, ஒரு வாரமாகக் கூலாயை மூடியிருந்த புகைமூட்டம் துடைத்துவிட்டதுபோல் காணாமல் போயிருந்தது. செம்பனை வரிசைகள் கடைசிவரை தெரிந்தன. கூடவே வாடை. எண்ணெய் மில்லின் புளித்த நாற்றம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இது ஈரத் துணியில் சுற்றி மறந்துபோன இறைச்சியின் வாடை. வியர்வையும் தலை எண்ணெயும் கலந்து, சோற்றில் ஏறி, தலையணையில் ஏறி, எத்தனை முறை பல் தேய்த்தாலும் நாக்கின் அடியில் வழவழவென்று ஒட்டிக் கிடந்தது.

பன்றி ஏதாவது செத்துக் கிடக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாலையில் ரூபேன் வரிசைக்குள் நடந்தான். பின்கதவில் நின்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மெசேஜ் அனுப்பினாய், அக்கா. குனிந்து படித்தேன்.

நிமிர்ந்தேன். அவன் இல்லை.

நேர் வரிசை. ஒளிய இடமில்லை.

ஓடினேன். மண் மெத்தென்று இருந்தது. சூடாக இருந்தது. வெட்டிய மட்டைகளை அடுக்கியிருந்த இடத்தில் ஏதோ அசைந்தது. ஒரு மட்டையைத் தூக்கினேன்.

தோல். அதற்குக் கீழும் தோல். யார் எங்கே முடிகிறார் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் வளையல் கை, யாரோ ஒருவரின் கழுத்துக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அருகே ரூபேனின் முகம். பாதி முகம். மீதி ஒரு தொடைக்குள்.

"பாத்துக்கிட்டே இருடா," என்றான்.

அவனோடு சேர்ந்து எல்லா வாய்களும் அதையே சொல்லின.

பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கும்வரை அவன் அமிழவில்லை. இமைத்தால் ஒரு விரல் அளவு இறங்குகிறான். கண் எரிகிறது. இருட்டிக்கொண்டு வருகிறது. அடியில் கால்கள் நடக்கின்றன.

என்னைப் பார்க்க இங்கே யாரும் இல்லை.

என் குதிகால் ஈரமாக எதற்குள்ளோ போய்விட்டது. வலிக்கவில்லை. உள்ளே யாரோ விரல்களை மடக்குகிறார்கள், அவை என் விரல்கள்போல் இருக்கின்றன.

இதை யார் படித்தாலும் சரி, உடனே எனக்கு வீடியோ கால் போடுங்கள். என் முகத்தையே பாருங்கள். கட் பண்ணாதீர்கள்.